மாமி சொன்ன மூன்று கோப்பை

சுற்றிவரச் சிவப்புக் கோடு கீறிய ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கோப்பையைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, சண்டைக் காலத்தில் ஒரு வருடம் முழுக்க வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் படியேறி இறங்கினேன். கோட்டைத் தன் கையால் அடிமட்டம் வைத்துக் கீறியவர் டொக்டர். அந்தக் கோடுவரை நிரம்பினால் ஒரு கோப்பை. உலகத்தில் இனிமேல் அதுதான் கோப்பை என்பது அவருடைய தீர்மானம். வீட்டுக்காரர் எவர்சில்வர் குவளையில் குடித்தாலும், கைபிடி உடைந்த மக்கில் குடித்தாலும், கழுவிய ஜாம் போத்தலில் குடித்தாலும், அதில் தண்ணீர் பிடித்து, அந்தத் தண்ணீரை இந்தக் கோப்பையில் ஊற்றி, கோடுவரை எத்தனை முறை வருகிறதென்று பார்த்து, படிவத்தின் மூன்றாம் கேள்விக்கு நேரே எழுத வேண்டும். சோதனைச் சாவடியில் என் பையைக் கவிழ்க்கும்போதெல்லாம் முதலில் உருண்டு விழுவது அதுதான். "மே மொகக்த?" இது என்ன என்று கேட்பார்கள். தேத்தண்ணி அளக்கிற கோப்பை என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொல்வேன். ஒரு சிப்பாய் பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டி, இவர்களிடம் அளக்காமல் விட்டது இது ஒன்றுதான், அதையும் அளக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஆராய்ச்சியைப் பற்றி நான் கேட்ட அறிவுள்ள விமர்சனம் இன்றுவரை அது ஒன்றுதான்.

டொக்டரைப் பற்றி நல்லதாக ஒரு வரியாவது எழுதலாமென்று பார்த்தேன். கையெழுத்து அழகாக இருக்கும். அவ்வளவுதான். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து, வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில் கிளினிக் வைத்திருந்தார். ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும். நோயாளியின் நெஞ்சில் குழாயை வைத்தபடி ரயில் போய் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். ரயிலுக்குக்கூட அவருடைய ஆங்கிலம் விளங்கும் என்பதுபோல அதைத் திட்டுவார். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து லொட்ஜிலும் உறவினர் வீட்டிலும் நெருங்கிக் கிடந்த சனம் அவரிடம் ஒரே ஒரு முறைப்பாட்டோடு வந்தது: நெஞ்சு படபடவென்று அடிக்குது டொக்டர், நித்திரை இல்லை. அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "எத்தினை ரீ? எத்தினை கோப்பி?" அவர்கள் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி, அவர்கள் போனபிறகு என் பக்கம் திரும்பி, "எங்கட சனம் உந்தத் தண்ணியிலதான் உயிர் வாழுது பிள்ளை. நெஞ்சு அடியாமல் பின்னை பாட்டே படிக்கும்?" என்பார். அவர் குடித்தது வெந்நீர். அதையும் ஏதோ விரதம்போலக் குடிப்பார்.

இந்த எண்ணத்தை ஒரு கட்டுரையாக்கி லண்டனில் நடக்கவிருந்த மாநாட்டில் வாசிக்க வேண்டுமென்பது அவர் ஆசை. அதற்குத்தான் நான். இருபத்திரண்டு வயது, பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்துக்குக் காத்துக்கொண்டு வெள்ளவத்தையில் ஒரு அறையில் இன்னும் மூன்று பெண்களோடு தங்கியிருந்தேன். படிவத்தில் உப்பு இருந்தது, சிகரெட் இருந்தது, தகப்பனுக்கு மாரடைப்பு வந்ததா என்பது இருந்தது. கடைசியில் நாடி பிடித்து எண்ணி எழுத ஒரு கட்டம் இருந்தது. "டொக்டர், ரவுண்டப் எண்டு சுத்தி வளைச்சவங்களோ, வீட்டில ஆரையும் பிடிச்சவங்களோ எண்டு ஒரு கேள்வி போடுவமோ?" என்று ஒருநாள் கேட்டேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அது பொலிற்றிக்ஸ். அதை அளக்கேலாது. அளக்கேலாததைக் கேட்டு என்ன பிரயோசனம்?" மூன்று தெருவுக்கு ஒரு சாவடி. விடியப்புறம் கதவில் பூட்ஸ் சத்தம். அடையாள அட்டை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த துண்டு, அதற்கு மேல் இன்னொரு துண்டு. அதற்குள் ஒரு மனிதன் நின்றுகொண்டு, இந்தச் சனத்தின் நெஞ்சு ஏன் இப்படி அடிக்கிறது என்று தேயிலைத் தூளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குருடாக இருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். அதை அவர் வெளிநாட்டில் போய்க் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

வீடுகளில் நான் முதலில் கண்ட கோளாறு சின்னது. "ரெண்டு கோப்பை, காலமை ஒண்டு பின்னேரம் ஒண்டு" என்பார்கள். சொல்லிக்கொண்டே எனக்கொன்றும் தமக்கொன்றுமாக ஊற்றிக் குடிப்பார்கள். இது என்ன என்றால், "ஐயோ, வந்த ஆளோட குடிக்கிறது கணக்கே? நீங்கள் தனியக் குடிச்சால் மரியாதையில்லை எண்டுதானே குடிக்கிறன்" என்பார்கள். நாளுக்கு நாலு பேர் வந்துபோகும் வீட்டில் மரியாதைக்குக் குடித்த நாலும் எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. வீடு வீடாகக் குடித்துப் பின்னேரத்தில் என் விரல்களே நடுங்க, நடுங்குகிற விரலால் அடுத்தவருடைய நாடியைப் பிடித்து எண்ணினேன். டொக்டரிடம் சொன்னபோது, "எல்லாரும் அப்பிடித்தான் குறைச்சுச் சொல்லுவினம் எண்டால் எல்லாம் சமன்" என்றார். அது சின்னக் கோளாறு. பெரியது கொட்டாஞ்சேனையில் இருந்தது.

கொட்டாஞ்சேனையில், கொச்சிக்கடைப் பக்கம் திரும்புகிற தெருவொன்றில், ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில் மாமி இருந்தார். எனக்கு உறவில்லை. கொழும்பில் நாற்பது தாண்டிய தமிழ்ப் பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? டொக்டரிடம் நெஞ்சுப் படபடப்புக்கு வந்துபோகிறவர். மெலிந்து, வேர்த்து, கண்கள் எப்போதும் யாரையோ திடீரென்று கண்டதுபோல விரிந்திருக்கும். மாமா துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக். மகள் ஒரு கந்தோரில் ரைப்பிஸ்ற். பொலிஸில் பதிந்த குடியிருப்பாளர் மூன்று பேர். அந்தப் பதிவுத் துண்டு, கேட்டவுடன் எடுத்துக் காட்ட வசதியாக, கதவுக்குப் பக்கத்தில் கலண்டர் ஆணியிலேயே குத்தியிருந்தது.

முதல் இரண்டு கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். மூன்றாவதைக் கேட்டதும் மாமி நிமிர்ந்தார். "வீட்டில ஒரு நாளைக்கு எத்தினை கோப்பை ஊத்துறம் எண்டு உங்களுக்கு ஏன் பிள்ளை?" ஆராய்ச்சிக்கு என்றேன். "இது எங்க போகும்?" டொக்டரிட்ட. "பேரோடயோ?" இல்லை மாமி, நம்பர் மட்டும்தான். "நம்பருக்குரிய பேர் எங்க கிடக்கு?" அது வேற ஒரு கொப்பியில எழுதியிருக்கு. "அப்ப, பேர் கிடக்குத்தானே" என்றார். பிறகு மிகத் தெளிவாக, பொலிஸ்காரருக்குச் சொல்லும் குரலில், "மூண்டு. ஆளுக்கு ஒண்டு. எழுதுங்கோ" என்றார். குசினி யன்னலோரம் ஒரு தட்டத்தில் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் எட்டு, ஈரம் வடிய இருந்தன. உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குள் ஒருவர் தும்மலை அடக்கி, அடக்க முடியாமல் தும்மினார். மாமா வேலையில். மகள் வேலையில். மாமி என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். மூன்று என்று எழுதினேன். நாடியைப் பிடித்தபோது, பிடிபட்ட குருவியைக் கையில் வைத்திருப்பதுபோல இருந்தது.

அறைக்குள் இருந்தது மாமியின் தங்கை மகள். வன்னியிலிருந்து வந்தவள். கொழும்பில் தங்குவதற்கு வவுனியாவில் கொடுத்த பாஸ் முடிந்து மாதங்களாகிவிட்டன. பதியப் போனால் திருப்பி அனுப்புவார்கள், அல்லது எங்கே வைப்பார்கள் என்று தெரியாது. வெளிநாடு போகும் நாள்வரை அவள் அந்த வீட்டில் இல்லாதவள். இல்லாதவளுக்கு அரிசி போடலாம், சட்டை தோய்க்கலாம். ஆனால் மூன்று பேர் வீட்டில் எட்டுக் கோப்பை என்று ஒரு தாளில் எழுதப்பட்டால், அந்தத் தாளை வாசிக்கிறவனுக்கு நாலாவது ஆள் தெரிந்துவிடும் என்பது மாமியின் கணக்கு. பின்னால் விளங்கியது, எட்டில் பெரும்பங்கு மாமியுடையதே. காவலிருக்கிறவர் கண்ணயராமலிருக்கக் கறுப்புக் கோப்பி. ஆனால் பயம் அப்படிப் பிரித்தா எண்ணும்? இதைக் கண்டுகொண்டபின் மற்ற வீடுகளும் எனக்கு வாசிக்க இலகுவாயின. எங்கே பதியாத ஆள் ஒருவர் இருந்தாரோ அங்கே கோப்பை குறைந்தது. சொந்த வீடும் பழைய விலாசமும் உள்ள கொழும்புத் தமிழர், "ஏழெட்டுக் குடிப்பம், ஏன் வரி போடப்போறாங்களோ?" என்று பகிடி விட்டார்கள். அவர்களுடைய நாடி கோயில் மணிபோல நிதானமாக அடித்தது.

ஆகவே முடிவு எப்படி வந்திருக்குமென்று உங்களுக்கே தெரியும். டொக்டருக்குத் தெரியவில்லை. குறைவாகக் குடிக்கிறவர்களுக்கு நெஞ்சு வேகமாக அடிக்கிறது, கூடக் குடிக்கிறவர்களுக்கு அமைதியாக அடிக்கிறது. ஒரு கிழமை முகம் கறுத்துத் திரிந்தார். பிறகு, சட்டையைக் கழற்றி மற்றப் பக்கம் போட்டுக்கொள்வதுபோலக் கருத்தை மாற்றிக்கொண்டார். கூச்சம் மருந்துக்கும் இல்லை. தேநீரும் கோப்பியும் நெஞ்சைக் காக்கின்றன! "இது இன்னும் பெரிய விஷயம் பிள்ளை. ஒருத்தரும் எதிர்பாராத றிசல்ற்." அடுத்த நாளே வெந்நீர்ப் போத்தல் மேசையிலிருந்து போய், பால்தேத்தண்ணி வந்தது. அதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். மாமி கிளினிக்குக்கு வந்தார். டொக்டர் படிவத்தைப் பார்த்து, "நீங்கள் ஒண்டுதானே குடிக்கிறியள்? அதுதான் கோளாறு. நல்ல சாயமாக் கோப்பி போட்டு நாலைஞ்சு தரம் குடியுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். மாமி ஏற்கெனவே குடிப்பதற்கு மேல் இன்னும் நாலு. படியிறங்கும்போது அவர் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அன்று பின்னேரமே டொக்டரிடம் சொன்னேன். பெயர் சொல்லாமல், சில வீடுகளில் பதியாத ஆள் இருக்கிற பயத்தால் கோப்பையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள், எண் பிழை, யாருக்கும் கோப்பியைக் கூட்டச் சொல்ல வேண்டாம் என்றேன். முதலில் சிரித்தார். பிறகு நீலக் கொப்பியை, இலக்கத்துக்கு நேரே பெயரும் விலாசமும் எழுதிய கொப்பியை, மேசைக்குக் குறுக்கே என் பக்கம் தள்ளினார். சிவப்புப் பேனையொன்றையும் தந்தார். "அப்ப திருத்துவம். பதியாத ஆக்கள் இருக்கிற வீடு எதெது எண்டு ஒவ்வொரு புள்ளி வை." சனிக்கிழமைகளில் பொலிஸ் ஸ்ரேசன் இன்ஸ்பெக்டர் ஒருவர் பிரஷர் பார்க்க வந்து அதே மேசையில், அதே கொப்பிக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டிருப்பார். "டொக்டர், அப்பிடி ஒரு லிஸ்ற் எழுதலாமோ?" என்றேன். "ஏன் எழுதேலாது? இது சயன்ஸ். சயன்ஸுக்கு ஒளிப்பு மறைப்பு இல்லை." "ஆக்களைப் பிடிப்பாங்கள்." "நாளைக்குப் புள்ளி வைச்சுத் தா. இல்லாட்டி நீ சொன்னதுக்கு எவிடன்ஸ் இல்லை, நம்பர் நம்பர்தான்" என்றார். அவர் கெட்டவரில்லை என்று பிற்காலத்தில் பலர் எனக்குச் சொன்னார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. கெட்டவனாக இருந்தால் அந்தப் புள்ளியின் பெறுமதி என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கொப்பியைப் புள்ளி வைக்கவென்று அறைக்கு எடுத்துப்போனேன். மறுநாள் காலை கிணற்றடி வாளியில் தண்ணீர் பிடித்து, சலவைத்தூள் போட்டு, ஒற்றை ஒற்றையாகக் கிழித்து ஊறவைத்தேன். பெயர்கள் முதலில் மங்கின. பிறகு விலாசங்கள் நீலமாகக் கரைந்து நுரையில் ஏறின. கையால் பிசைந்தேன், தோசைமா கரைப்பதுபோல. பஸ்ஸில் தொலைந்துவிட்டதென்று டொக்டரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்டேன். இனித் திருத்துவதற்கு வழியில்லை. திருத்த வழியில்லாதது சரியானதாகிவிடுகிறது. என்னை வேலையிலிருந்து நிற்பாட்டினார். லண்டனுக்குப் பெட்டி கட்டினார்.

நான் நேரே மாமியிடம் போனேன். புதிதாகப் போட்ட கோப்பியோடு இருந்தார். கோப்பை சோசரில் பட்டுக் கிணுகிணுத்தது. "டொக்டர் சொன்னவர்" என்றார், குற்றம் பிடிபட்டவர்போல. "மாமி, அவர் உங்கட மூண்டை நம்பித்தான் சொன்னவர்." மாமி கோப்பையை வைத்தார். "அப்ப உனக்குத் தெரியும்." "அண்டைக்கே தெரியும்." "தெரிஞ்சும் மூண்டெண்டே எழுதினனீ?" "ஓம்." "கொப்பி?" "கரைச்சுப் போட்டன் மாமி." நம்பாமல் பார்த்தவர், என் நகக்கண்களில் ஒட்டியிருந்த நீலத்தைக் கண்டதும் உள்ளறைப் பக்கம் திரும்பி, "எடியே, வெளியில வா. உன்னைக் கரைச்சுப் போட்டாளாம்" என்றார். ஒல்லியான பெண்ணொருத்தி கதவைத் திறந்து வந்து நின்று, "என்னை எத்தினை கோப்பையெண்டு போட்டனீங்கள் அக்கா?" என்று கேட்டாள். "பூச்சியம்" என்றேன். "அதுவும் நல்லதுதான். பூச்சியத்துக்கு ஆரும் பாஸ் கேக்கமாட்டாங்கள்" என்றாள். மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்து இருந்துவிட்டார்.

பெரியாஸ்பத்திரிக்குப் போக அவர் சம்மதிக்கவில்லை. அவளைத் தனியே விட்டுவிட்டு எப்படி? நான் இருக்கிறேன் என்றேன். மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார். நானும் அவளும் கதவைப் பூட்டிக்கொண்டு அன்று பகல் முழுக்கக் குரலில்லாமல் கதைத்துக்கொண்டிருந்தோம். மாமி திரும்பி வந்து சொன்னார்: இளம் சிங்கள டொக்டர் பிள்ளை ஒன்று, கழுத்தைத் தடவிப் பார்த்ததாம். கைகளை நீட்டச் சொல்லி, விரித்த விரல்களின்மேல் ஒரு வெறும் தாளை வைத்ததாம். தாள் துடித்ததாம். "தைரொயிட் எண்டவா. பிறகு என்ர முகத்தைப் பாத்து, உடைஞ்ச தமிழில, 'அம்மா, வீட்டிலே என்ன பயம்?' எண்டு கேட்டவா." என்ன சொன்னீங்கள் மாமி? "ஒண்டும் சொல்லேல்லை. ஆனா கேட்டவா" என்றார். குளிசைகள் தந்தார்கள். கோப்பியைக் குறைக்கச் சொன்னார்கள். இரண்டாகக் குறைத்தார். அதே மாதத்தில் அந்தப் பெண்ணுக்குப் பயணம் சரிவந்து, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தொலைபேசி வந்தது. தீபாவளிக்கு நான் போனபோது மாமியின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். கையில் குருவி இல்லை.

எது சுகமாக்கியது? குளிசையா, விட்ட கோப்பியா, கட்டுநாயக்காவைத் தாண்டிப் போன அந்த விமானமா? குளிசையென்றுதான் நானும் பந்தயம் கட்டுவேன். ஆனால் மூன்றும் ஒன்றாக நடந்தன, மாமி ஒருவர்தான், இன்னொரு மாமியை வைத்துப் பயத்தை மட்டும் எடுத்துப் பார்க்க முடியாது. இந்த ஒரு சின்ன அடக்கம் தெரியாதவர்கள்தான் இன்றைக்கும் என் காலைப் பத்திரிகையில் எழுதுகிறார்கள். திங்கட்கிழமை கோப்பி இருதயத்தைக் காக்கிறது. வியாழக்கிழமை கெடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, சீனி போடாவிட்டால் மறதி வராது. என் தம்பியின் மகன் கல்கிசையிலிருந்து ஒவ்வொன்றையும் கைபேசியில் அனுப்பி, "அத்தை, இனிப் பயமில்லாமல் குடியுங்கோ" என்கிறான். கஃபீன் களைப்பைப் போக்குவதில்லை, களைப்பு வந்து தட்டுகிற கதவை மட்டும் கொஞ்ச நேரம் பூட்டி வைக்கிறது. ஒருவருக்கு அது சில மணித்தியாலத்தில் கழிகிறது, கர்ப்பிணிக்கு நாள் முழுக்கக் கிடக்கிறது, சிகரெட் பிடிக்கிறவருக்கு விரைந்து போய்விடுகிறது. அளவோடு குடிக்கிற பெரும்பாலானவர்களுக்குத் தீங்கில்லை என்று கவனமானவர்கள் சொல்வதை நானும் நம்புகிறேன். ஆனால் நெஞ்சு அடிக்கத் தொடங்கியவர் தானாகவே கோப்பியை விட்டுவிடுகிறார். பிறகு வந்து எண்ணுகிறவர், குடியாதவர்களுக்குள்ளே நோயாளிகளைக் கண்டு, குடிக்காததால் வந்த நோய் என்று எழுதிவிடுகிறார். ஆயிரம் பேரைக் கேட்டாலும் ஆயிரம் பேரும் எதையோ ஒளித்திருந்தால், ஒளித்ததுதான் பெரிதாகும். தலைப்புப் போடுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு? அவருக்கு ஒரு கோப்பையும் ஒரு கோடும் போதும்.

மாமி இன்று இல்லை. வேறு நோயில், வயதாகி, மகள் பக்கத்திலிருக்கக் கண்ணை மூடினார். டொக்டரும் இல்லை. அவருடைய கட்டுரை இருக்கிறது. சென்ற மாதம், இரவலாக வாங்கிய ஒரு கணினியில் தேடிப் பிடித்து வாசித்தேன். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னால் வந்த பெரிய தொகுப்பொன்று அதையும் ஒரு சிறு மணியாகச் சேர்த்து அரைத்திருக்கிறது. அந்த மாவுக்குள் எங்கோ மாமியின் மூன்று கிடக்கிறது. ஒரு பெண்ணை ஒளிப்பதற்காகச் சொன்ன பொய், இப்போது மனித குலத்தின் அறிவு. அதை யாரும் இனித் திருத்த முடியாதபடி செய்தவள் நான். அதற்காக ஒரு நிமிடமும் வருந்தியதில்லை. கடைசிப் பக்கத்தில், நன்றியுரைக்கு மேலே, டொக்டர் தன் அழகான ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: பங்குபற்றியோரின் பெயர் விபரங்கள் எவர் கையிலும் சேராதவாறு பாதுகாக்கப்பட்டன. முழுக் கட்டுரையிலும் உண்மையான வசனம் அது ஒன்றுதான். அவர் அதை வழமைக்கு எழுதியிருப்பார். நான் அதைச் சலவைத்தூள் போட்டுக் கையால் செய்தேன்.